லயத்து நாயின் தட்டும் ஒரு கைபேசிப் படமும்

அப்புத்தளை மலைகளின் தேயிலைத் தோட்டங்களில் நாய் இல்லாத தொழிலாளர் லயம் அரிது. காட்டுப் பன்றி இறங்கினால் முதலில் குரைப்பதும், விடியுமுன் கொழுந்து எடுக்கப் போகிறவர்களுக்கு முன்னால் பனியில் ஓடுவதும் அதுதான். ஆனால் யாருடைய நாய் என்று கேட்டால், "நம்ம லயத்து நாய்ங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. எல்லோரும் சோறு போடுகிறார்கள், ஒருவர் பெயரிலும் பதிவில்லை. அது ஒரு பிள்ளையைக் கடித்தால் பொறுப்பேற்க ஆளில்லை. அதற்கு யாராவது நஞ்சு வைத்தால் பொலிசுக்குப் போகவும் ஆளில்லை. இந்தக் கட்டுரை நாயின் தட்டைப் பற்றியும், அந்த நாய்க்கு ஓர் அடையாளம் தேடிக்கொடுப்பதைப் பற்றியும் பேசுகிறது. சோறு போடுகிற கையே தடுப்பூசி அட்டையையும் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் தட்டு. மிச்சச் சோறு, பருப்புத் தண்ணீர், கருவாட்டுத் தலை, பிளேன்டியில் தோய்த்த பாண். பெரும்பாலான வீடுகளில் நாய்க்குக் கிடைப்பது இவ்வளவுதான். வீட்டாருக்கே கறி எட்டாத மாதத்தில் நாய்க்கு மட்டும் தனிச் சமையல் செய்யச் சொல்வது நியாயமில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் கடைத் தீனியின் விலை ஏறியபோது பட்டணத்து வசதிக்காரர்களே தடுமாறினார்கள். ஆகவே செலவைக் கூட்டுவதற்கு முன், இப்போது போடுவதில் எதை நிறுத்த வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

நிறுத்த வேண்டியவற்றில் முதலாவது வெங்காயம். அதே இனத்தைச் சேர்ந்தவை பூண்டும் லீக்ஸும். வெலிமடைப் பக்கத்திலும் அப்புத்தளைச் சரிவுகளிலும் லீக்ஸ் விளைகிறது, விலை விழுந்தால் வீட்டுச் சட்டிகளில் நிறைகிறது. இந்த இனப் பயிர்களில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் பொரித்தாலும் அந்த நஞ்சு போகாது. உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயம் ஒரே நேரத்தில் உள்ளே போனாலே நஞ்சாகலாம். பத்துக் கிலோ நாய்க்கு அது வெறும் 50 கிராம். பாதிப்பு உடனே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளிறி, சிறுநீர் செந்நிறமாகி, நாய் மூலையில் சுருண்டு படுக்கும்போது, முந்தைய வாரத்துத் தேங்காய்ச் சம்பலை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

தேயிலை நாட்டில் சொல்ல வேண்டிய இன்னொன்று, தேயிலையே. அதிலுள்ள கஃபீன் நாயின் இதயத்தைப் படபடக்க வைக்கும், அளவு கூடினால் வலிப்பு வரும். பிளேன்டி வடித்த சக்கையை நாய் வாய் வைக்கிற இடத்தில் கொட்டாதீர்கள். சாக்லேட்டில் இருக்கும் தியோப்ரோமின் கஃபீனின் நெருங்கிய உறவு. லிப்டன் சீட் காட்சிமுனையைப் பார்க்கப் போகிறவர்கள் அன்போடு வீசுகிற சாக்லேட் பிஸ்கட் அன்பாகாது. வழிகாட்டும் முச்சக்கரவண்டிச் சாரதிகள் அதைப் பயணிகளுக்குச் சொன்னால் பெரிய உதவி. கருவாட்டை ஊறவைத்து, உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கொடுங்கள். சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும், அதை அடியோடு விடுங்கள்.

இனி, போடக்கூடியது. சோறு இருக்கட்டும். அதோடு முட்டையோ, கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈரலோ, முள் நீக்கிய மீனோ, இவை எதுவும் இல்லாத நாளில் உப்பும் வெங்காயமும் இல்லாமல் குழைய அவித்த பருப்போ சேரட்டும். தட்டில் மூன்றில் ஒரு பங்காவது இப்படிப் புரதமாக இருப்பது நல்லது. ஈரலைத் தினமும் வேண்டாம், வாரத்தில் ஓரிரு முறை போதும். நம் மலையில் கிடைக்கும் கரட், பூசணி, போஞ்சியை அவித்துப் பிசையலாம். பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கு மட்டும் கூடாது. குட்டிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் சுண்ணாம்புச் சத்து தனியாகத் தேவை; எவ்வளவு என்பதை மிருக வைத்தியரிடம் கேளுங்கள். குழம்புக்கு மசாலா போடுமுன் ஓர் அகப்பை எடுத்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

கோயில் திருவிழாவுக்கு ஆடு வெட்டும் நாளில் ஒரு கவனம் வேண்டும். பச்சைக் குடலையும் ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு வீசினால், அவற்றிலுள்ள நீர்க்கட்டிகள் வழியே ஒருவகை நாடாப்புழு நாயின் குடலில் வளரும். அதன் முட்டை நாயின் மலத்தோடு மண்ணில் கலந்து பிள்ளையின் வாய்க்குப் போனால், பிள்ளையின் ஈரலில் கட்டி வளரலாம். கழிவைப் புதையுங்கள், அல்லது நன்றாக வேகவைத்துப் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்குப் புழு மருந்து கொடுங்கள். நாயின் கொக்கிப்புழு, வெறுங்காலோடு விளையாடும் பிள்ளையின் தோலுக்குள்ளும் நுழையும்.

நாய்க்கு உணவு போதுமா, அதிகமா என்று எப்படி அறிவது? கையில் இருக்கும் கைபேசியே போதும். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் நிற்கவைத்து, பக்கவாட்டில் ஒன்றும் மேலிருந்து ஒன்றுமாகப் படம் எடுங்கள். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், தூரத்திலிருந்தே எண்ணும்படி இருக்கக்கூடாது. மூன்று மாதப் படங்களை வரிசையாகப் பார்த்தால் கண்ணுக்குப் பழகிப்போன மெலிவும் தெரியும். அதோடு முகத்தை நேராக, காதும் நெற்றிப் புள்ளியும் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். பிள்ளைகள் ஆசையாய் எடுக்கும் படம் பிறகு சான்றாகவும் உதவும்.

ஏனென்றால் சட்டம் கேட்பது அடையாளத்தை. நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டைச் சேர்ந்தது, விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893இல் வந்தது. நகருக்குள் இருப்பவர்கள் நகர சபையிலும், வெளியே இருப்பவர்கள் பிரதேச சபையிலும் பதிவு செய்யலாம். "தோட்டத்துக்கு நாங்கள் வருவதில்லை" என்ற பழைய பதிலை இனி ஏற்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணியாற்றத் தடையாக இருந்தது. அது 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. வரி கட்டுகிற, வாக்களிக்கிற லயத்து மக்கள் தடுப்பூசி முகாமைத் தங்கள் டிவிஷனுக்கே கேட்பது சலுகைக்கான விண்ணப்பம் ஆகாது. பல வீடுகள் சேர்ந்து எழுதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சபையிலும் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். தமிழிலேயே எழுதலாம். தமிழில் விண்ணப்பிக்கவும் பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தருகிறது. மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

விசர்நோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டியது. இலங்கையில் 1973இல் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். தடுப்பூசித் திட்டங்களால் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது, ஆனால் பூச்சியமாகவில்லை. அறிகுறி தொடங்கியபின் காப்பாற்ற மருத்துவத்தில் ஏறக்குறைய வழியே இல்லை. கடித்தால், கீறினால், புண்ணில் நக்கினால், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கோப்பித்தூளும் வேண்டாம். அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். தியத்தலாவையோ பதுளையோ, எதுவானாலும் சிகிச்சை இலவசம். அந்த நேரத்தில் வைத்தியர் கேட்கும் முதல் கேள்விகள், நாய் எது, ஊசி போட்டதா, இப்போது உயிரோடு இருக்கிறதா என்பவை. அட்டையும் படமும் இருந்தால் பதில் உடனே கிடைக்கும். நாயை அடித்துக் கொன்றுவிட்டால் அதைக் கட்டிவைத்துக் கவனிக்கும் வாய்ப்பே போய்விடும். வளர்க்கும் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்க்கத் தவறுவது தண்டனைச் சட்டக்கோவையின்படியும் குற்றம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இறைச்சித் துண்டில் நஞ்சு வைப்பதும், கொதிநீர் ஊற்றுவதும், காலை வெட்டுவதும் 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டத்தில் குற்றம். அந்தச் சட்டம் எழுதிய அபராதம் அதிகபட்சம் நூறு ரூபாய், சிறை மூன்று மாதம். நூறு ரூபாய்க்கு அஞ்சுகிறவர் யாருமில்லை என்பது வேதனை. இந்த நிலையை மாற்ற விலங்கு நலச் சட்ட வரைவு ஒன்றைச் சட்ட ஆணைக்குழு 2006இலேயே தயாரித்துக் கொடுத்தது. ஆனால் தண்டனை சிறிதென்று முறைப்பாட்டைக் கைவிடாதீர்கள். பதிவேட்டில் ஏறிய முறைப்பாடு அடுத்த நஞ்சைத் தடுக்கலாம், அதே நஞ்சு பிள்ளையின் கைக்குப் போவதையும் தடுக்கலாம்.

நஞ்சு என்று சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீரோ பாலோ வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். வாந்தியையும் மிச்ச இறைச்சியையும் வெறுங்கையால் தொடாமல் பையில் கட்டி, நாயோடு அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். இடத்தைப் படமெடுங்கள். வைத்தியரின் எழுத்துமூல அறிக்கையைக் கேட்டு வாங்கி, பொலிசில் முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டை எடுக்க மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

கடைசியாக, இரவு. தங்கமலைக் காட்டை ஒட்டிய தோட்டங்களில் சிறுத்தைக்கு நாய் எளிதான இரை. வெளியே சங்கிலியில் கட்டிய நாய் தப்பி ஓடவும் முடியாது. இரவுச் சோற்றை இருட்டுமுன் போட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து, நாயை உள்ளேயோ தாழிட்ட கூட்டிலோ படுக்க வையுங்கள்.