மொய் வாங்கி ஆரம்பித்த கடை

இந்த செமஸ்டர்ல ஆணி கொஞ்சம் அதிகம். நிஜமாவே ஆணி, உளி, இழைப்புளி சம்பந்தப்பட்ட ஆணி :-)

என்னோட லேப்ல படிக்கிற அமெரிக்க நண்பன் ஒருத்தன், கிக்ஸ்டார்ட்டர் மூலமா காசு திரட்டி சின்னதா ஒரு தச்சுக்கருவி வியாபாரம் ஆரம்பிச்சான். செலவுக் கணக்குப் போட்டுக் கொடுத்ததும், காலிப்பரை வச்சு அளந்து கொடுத்ததும் அடியேன். நட்புக்காக மட்டும்தான். நான் இருக்கறது எஃப்-1 விசா. அனுமதி இல்லாம வெளியே சம்பாதிச்சா பொட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதனால லாபத்துல பங்கெல்லாம் கிடையாது, பீட்சா மட்டும்.

"ஐடியா இருந்தா போதும், ஜனங்க காசு கொடுப்பாங்க"ன்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க. காசு கொடுக்கறாங்கதான். ஆனா அது என்ன மாதிரி காசுன்னு புரிஞ்சுக்கறதுலதான் மேட்டரே இருக்கு. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல கருவி. பேரு மார்க்கிங் கேஜ். ஊர்ல தச்சுப் பட்டறையில பார்த்திருப்பீங்க. ஒரு கட்டை, அதுக்குள்ள நுழைஞ்சு போற ஒரு குச்சி, குச்சி நுனியில ஒரு ஊசி. கட்டையைப் பலகையோட ஓரத்துல அணைச்சு இழுத்தா, ஓரத்துலேர்ந்து ஒரே தூரத்துல நேர்க்கோடு விழும். ஊசியில ஒரு தொல்லை, மரத்தோட நாருக்குக் குறுக்கே இழுத்தா பிய்ச்சுடும். அதனால ஊசிக்குப் பதிலா சின்ன வட்டக் கத்தி வச்ச கேஜ் வந்தது. கனடாவோட வெரிடாஸ் மாதிரி பெரிய கம்பெனிகள் ஏற்கெனவே அருமையா செய்யறாங்க. நம்மாள் செஞ்ச மாற்றம் ஒண்ணே ஒண்ணு. கருவியைப் பிடிச்சிருக்கிற கையோட கட்டைவிரலாலேயே திருகை இறுக்கிடலாம், அளவு நகராது. பித்தளைத் தலை, ஸ்டீல் கம்பி. விலை 49 டாலர், அமெரிக்காவுக்குள்ள தபால் செலவு உட்பட.

அடுத்தது கிக்ஸ்டார்ட்டர். 2009-ல் நியூயார்க்கில் ஆரம்பிச்சது. இலக்கு இவ்வளவு, கெடு இத்தனை நாள்னு முன்னாடியே சொல்லணும். இலக்கைத் தொட்டா பணம் கைக்கு வரும். ஒரு டாலர் குறைஞ்சாலும் யாரோட கார்டுலயும் கை வைக்க மாட்டாங்க. 2012-ல் ஒரு விதி கொண்டு வந்தாங்க. பொருள் சம்பந்தப்பட்ட திட்டம்னா வேலை செய்யற மாதிரியைக் காட்டணும், கம்ப்யூட்டர்ல வரைஞ்ச பளபளா படத்தைக் காட்டி ஏமாத்தக் கூடாது.

இதை நம்ம ஊர் பாஷையில சொல்லணும்னா மொய் விருந்து. புதுக்கோட்டை பக்கம் கீரமங்கலம், வடகாடு, தஞ்சாவூர் பக்கம் பேராவூரணி ஆளுங்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆடி மாசம் பத்திரிகை அடிச்சு, பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு மொய் வாங்குவாங்க. அந்தப் பணத்துல கடை வைப்பாங்க, போர் போடுவாங்க. ஆனா ஒவ்வொரு ரூபாயும் நோட்டுல ஏறியிருக்கும், அவங்க வீட்டு விருந்துல திருப்பிச் செஞ்சே ஆகணும். கிக்ஸ்டார்ட்டரும் அதேதான். பக்கத்துல ஏறிட்டே போற அந்தப் பச்சை எண் வருமானம் இல்ல, மொய் நோட்டு. இங்கே பொருளாத் திருப்பித் தரணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நானும் அவனும் உட்கார்ந்து போட்ட கணக்கு இதோ. 300 பேர் வாங்கினா:

வசூல்: 14,700 டாலர்
கிக்ஸ்டார்ட்டர் கமிஷன் 5%: 735
கார்டு செலவு (3%, அது போக தலைக்கு 20 சென்ட்): 501
பட்டறைக்கு, உபரியோட 315 பீஸ், ஒண்ணு 24 வீதம்: 7,560
ஜிக், ஃபிக்ஸ்சர் செலவு: 900
டப்பா, தலைக்கு 2.25: 675
தபால், தலைக்கு 6.50: 1,950
மிச்சம்: 2,379

ஒரு பீஸைப் பூட்டி, சோதிச்சு, கட்டி அனுப்ப 20 நிமிஷம். 300 பீஸுக்கு 100 மணி நேரம். ஆக மணிக்கு 24 டாலர்கூட இல்ல, வரி இன்னும் கட்டல. அவன் டிசைன் பண்ண ஒன்றரை வருஷம் கணக்குலயே வரல. கண்ணைக் கட்டுதா?

இன்னும் இருக்கு. 100 பேர்தான் வாங்கினா? பட்டறைக்காரர் 24-க்கு செய்ய மாட்டார், 38 கேட்பார். அப்ப கமிஷன் போக கைக்கு வர்றது 4,488, செலவு 5,765. கையை விட்டு 1,277 போகும். 200 பேர்னா பீஸ் 29, மிச்சம் வெறும் 236 டாலர். தலை தப்பிக்கிற இடமே 200 தான்.

அதனாலதான் இலக்கு எவ்வளவு வைக்கறதுங்கறது உயிர்நாடியான கேள்வி. தெரிஞ்சவங்க பலரும் சொன்ன யோசனை: "2,000 டாலர்னு வை. முதல் நாளே தொட்டுடும், பார்க்கறவங்களுக்கும் நம்பிக்கை வரும்." கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா 2,000-த்தைத் தொட்டு, 4,000-த்துல நின்னுட்டா? கண்டிப்பா செஞ்சு கொடுத்தாகணும், கண்டிப்பா நஷ்டம். இலக்கைத் தொடாம தோத்துப் போறதைவிட இது மோசமான தோல்வி. நம்மாள் 10,000-னு வச்சான். வரலேன்னா யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லைன்னான். எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது.

அளவுக்கு மீறி வந்தாலும் ஆபத்துதான். 2014-ல் கூலஸ்ட் கூலர்னு ஒரு ஐஸ் பெட்டி. 50,000 டாலர் கேட்டாங்க, வந்தது 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேல. பணம் கட்டினவங்க 62,642 பேர். செஞ்சு அனுப்பற செலவு வாங்கின காசைத் தாண்டிப் போச்சு. 2019 டிசம்பர்ல கம்பெனியை மூடினப்ப, சுமார் 20,000 பேருக்குப் பெட்டியே போய்ச் சேரல. இன்னொரு பக்கம் மரவேலை உலகத்துலயே நல்ல உதாரணம் உண்டு. 2011-ல் எட்வர்ட் ஃபோர்டுன்னு ஒருத்தர், வீட்டுல வச்சு மரத்தைச் செதுக்கற ஷேப்போகோங்கற சிஎன்சி மெஷினுக்கு வெறும் 1,500 டாலர் கேட்டு ஆரம்பிச்சார். அந்தப் பேரு இன்னிக்கும் சந்தையில நிக்குது.

வார்ட்டன் பேராசிரியர் ஈத்தன் மொல்லிக் இதையெல்லாம் ஆராய்ச்சியே பண்ணியிருக்கார். 2014-ல் வந்த அவர் கட்டுரைப்படி, ஜெயிச்ச திட்டங்கள்ல முக்கால்வாசிக்கும் மேல சொன்ன தேதியைத் தாண்டித்தான் பொருளைக் கொடுத்திருக்கு. 2015-ல் செஞ்ச இன்னொரு ஆய்வுல, சுமார் 9% திட்டங்கள் கொடுக்கவே இல்ல.

சரி, நம்மாள் கதை. 30 நாள் கெடு. முதல் மூணு நாள் நல்லா ஓடுச்சு. அப்புறம் ரெண்டு வாரம் ஈ ஓட்டினான். கடைசி 48 மணி நேரத்துல, குறிச்சு வச்சிருந்தவங்களுக்கெல்லாம் கிக்ஸ்டார்ட்டரே நினைவூட்டல் மெயில் அனுப்பும், அதுல திரும்ப ஏறுச்சு. முடிவுல 306 பேர், 14,994 டாலர். பார்ட்டி, கேக் எல்லாம் ஆச்சு.

அப்புறம்தான் சோதனை. பட்டறையிலேர்ந்து 315 பித்தளைத் தலையும் வந்து இறங்குச்சு. கம்பி 8 மில்லிமீட்டர். ஓட்டை 8.02 இருக்கணும்னு வரைபடத்துல போட்டிருந்தான். நான் அளந்தா பாதிக்கு மேல 8.15. தேய்ஞ்ச டிரில் பிட்டாம். "0.13 மில்லிமீட்டர்தானே"ன்னு தோணும். தலை 25 மில்லிமீட்டர் தடிமன். அதுக்குள்ள 0.15 ஆட்டம் இருந்தா, கம்பியை 150 மில்லிமீட்டர் நீட்டறப்ப நுனி 0.9 மில்லிமீட்டர் வரைக்கும் விலகும். கோடு கிழிக்கிறதுக்குன்னே இருக்கற கருவிக்கு அது மரண அடி.

அப்படியே அனுப்பிடலாம்னு சொல்லவும் ஆள் இருந்தாங்க. முக்கால்வாசி பேர் 20, 30 மில்லிமீட்டருக்கு மேல நீட்ட மாட்டாங்க, கண்டுபிடிக்கவே முடியாது. நம்மாள் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கல. காலையில வந்து, 315 ஓட்டையையும் 9 மில்லிமீட்டருக்குப் பெருசாக்கி ரீமர் போடறது, 9 மில்லிமீட்டர் கம்பி புதுசா வாங்கறதுன்னு முடிவைச் சொன்னான். ரீமர் வேலையைப் பட்டறைக்காரர் இலவசமா செஞ்சு கொடுத்தார். கம்பிக்கு 945 டாலர் இவன் பையிலேர்ந்து. ஏழு வாரம் தாமதம்.

பணம் கட்டினவங்களுக்கு எழுதின கடிதத்துல ஒரு சால்ஜாப்பும் இல்ல. ஓட்டை அளவு, ஃபோட்டோ, எவ்வளவு செலவு, புதுத் தேதி, அவ்வளவுதான். நாலு பேர் காசைத் திருப்பிக் கேட்டாங்க, கொடுத்துட்டான். மத்தவங்கள்ல பலர் "நல்ல முடிவு"ன்னு எழுதினாங்க. ரிட்டயரான மெஷினிஸ்ட் ஒருத்தர் ரீமருக்கு என்ன எண்ணெய் போடணும்னு ஒரு பக்கத்துக்குப் பாடமே எடுத்திருந்தார்.

எல்லாம் முடிஞ்சு கையில நின்னது சுமார் 1,490 டாலர். மணிக்கு 15 டாலருக்கும் கீழ. ஹோட்டல்ல தட்டு கழுவியிருக்கலாமேன்னு கேட்பீங்க. ஆனா ஜிக் இப்ப அவனோடது, அந்த 900 திரும்பச் செலவாகாது. பட்டறைக்காரரோட பழக்கம் ஆயிடுச்சு. 13 பீஸ் கையில இருக்கு. எல்லாத்துக்கும் மேல, சொன்னபடி செஞ்சான்னு சாட்சி சொல்ல 302 பேர் இருக்காங்க. மூலதனம்னா அதுதான். அடுத்ததா ஒரு மூலைமட்டம் வரைஞ்சுட்டு இருக்கான்.

நம்ம மக்கள்ல யாராவது இறங்கறதா இருந்தா (சிங்கப்பூர் ஆளுங்களுக்கு 2016-லேயே கிக்ஸ்டார்ட்டர் கதவு திறந்தாச்சு), என் சிற்றறிவுக்கு எட்டினது:

1. முதல்ல நஷ்டமில்லாத எண்ணிக்கையைக் கண்டுபிடிங்க. அதுதான் இலக்கு. அழகுக்காகக் குறைக்காதீங்க.
2. பட்டறைகிட்ட 100, 200, 300-னு மூணு விலையும் எழுத்துல வாங்குங்க.
3. வெளிநாட்டுக்கு அனுப்பறேன்னு அவசரப்பட்டு வாய் விடாதீங்க. ஐரோப்பாவுல 22 யூரோ வரைக்கும் இருந்த வாட் விலக்கும் 2021 ஜூலையோட போயாச்சு. நம்மாள் அமெரிக்காவை விட்டு வெளியே அனுப்பவே இல்ல.
4. வந்த சரக்கைப் பணம் கட்டினவங்க அளக்கறதுக்கு முன்னாடி நீங்க அளந்துடுங்க.

உங்களுக்கு இதுல அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. நல்ல அனுபவம், சூடு பட்ட அனுபவம், ரெண்டுமே வேணும்.

டிஸ்கி: இது விளம்பரப் பதிவு இல்ல, அதான் கருவியோட பேரைக்கூடப் போடல. அந்த 13-ல ஒண்ணு என் மேஜை மேல இருக்கு. 49 டாலர் கொடுத்துதான் வாங்கினேன். மொய்னா மொய்தான் :-)