'மிஸ்சிப்' என்றால் குறும்புதானா?

ராயபுரத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் 'மிஸ்சிப்' என்ற இங்கிலீஷ் பதத்துக்கு அர்த்தம் கேட்டால், 'குறும்பு' என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். தவறில்லை. ஆனால் அதன் பூர்வோத்தரம் வேறு. பழைய பிரெஞ்சு பாஷையிலிருந்து வந்த அப்பதம் 'கேடாய் முடிந்தது' என்றே முதலில் பொருள்பட்டது. காரியம் கைகூடுவதைக் குறிக்கும் 'அச்சீவ்' என்பதும் அதன் உடன்பிறப்புத்தான். பெருந்துன்பத்தைக் குறித்த வார்த்தை நாளடைவில் தேய்ந்து, பாட்டியின் மூக்குக் கண்ணாடியை ஒளித்து வைக்கும் பேரனுக்கு உரியதாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், நம் 'குறும்பு'ம் இதே வழியில் வந்ததுதான். நாட்டுக்கு இலக்கணம் வகுத்த திருவள்ளுவர், இருக்கக்கூடாதவற்றுள் ஒன்றாகக் கொலைத் தொழில் புரியும் குறும்பைச் சொல்கிறார். அந்நாளில் குறும்பு என்றால் அரண். அதில் ஒளிந்துகொண்டு ஊரைச் சூறையாடும் கூட்டமும் குறும்புதான். அக்கூட்டமும் இன்று தொட்டிலுக்கு இறங்கிவிட்டது!

சட்டப் புஸ்தகத்தில் மட்டும் 'மிஸ்சிப்' பழைய முறுக்கோடு நிற்கிறது. மெக்காலே 1837-ல் வரைந்து 1860-ல் நிறைவேறிய இந்தியன் பீனல் கோடில் அது 2024 வரை 425-வது பிரிவாக இருந்தது. பிறருக்கு நஷ்டம் விளைவிக்கக் கருதியோ, விளையும் என்று அறிந்தோ, பொருளை அழிப்பது அக்குற்றம். அங்கே காட்டிய உதாரணங்களுள் ஒன்று, பிறனுடைய ஐஸ் கிடங்கில் தண்ணீரை விட்டுப் பனிக்கட்டியை உருக்குவது. (சிரிக்க வேண்டாம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த ஐஸ் ஹவுஸ் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்றும் நிற்கிறது. 1897-ல் விவேகானந்தர் தங்கியதும் அதில்தான்.)

துறைமுகத்தை அடுத்து வாழும் நமக்கு அதன் 437-வது பிரிவே முக்கியமாக இருந்தது. மேல்தளமுள்ள கப்பலையோ, இருபது டன் பாரமேற்றும் கலத்தையோ அழிக்கக் கருதிச் செய்த மிஸ்சிப்புக்குப் பத்து வருஷம் வரை சிறை. கட்டுமரத்துக்குத் தளமும் இல்லை, இருபது டன்னும் இல்லை. காசிமேட்டில் ஒருவன் விரோதத்தால் மற்றவன் கட்டுமரத்தை வெட்டிப் போட்டால், நஷ்டம் ஐம்பது ரூபாயோ அதற்கு மேலோ ஆனாலும் அந்நாளில் இரண்டு வருஷத்தோடு சரியாக இருந்தது. போனது ஒரு குடும்பத்தின் முழு ஆஸ்தி என்பதைச் சட்டம் கேட்கவில்லை.

2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 324-வது பிரிவு, நஷ்டம் லட்சம் ரூபாயை எட்டினால் ஐந்து வருஷம் வரை என்கிறது. இது நல்ல திருத்தமே. கப்பலுக்குரிய பத்து வருஷம் மட்டும் 327-ல் அப்படியே இருக்கிறது.

2017 ஜனவரி 28-ந் தேதி எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் திருவொற்றியூர்க் கரையிலும் கறுப்பாய் ஒட்டியது. மீன் வாங்க ஜனங்கள் அஞ்சினார்கள். கருத்தோ அறிவோ இல்லாமல் அஜாக்கிரதையால் மட்டும் விளைந்த கேடு சட்டத்தின் 'மிஸ்சிப்'பில் அடங்காது. பழைய பிரெஞ்சுக்காரனோ அதற்கு அந்தப் பெயரைத்தான் இட்டிருப்பான்.