சிகிச்சைக்கு நிதி கிடைக்கிறது. ஆய்வுக்கு யார் தருவார்?
குழந்தைப் புற்றுநோயும் நிதி திரட்டும் மருத்துவமனைப் பணியாளர்களும்

புது தில்லி: மும்பை பரேல் பகுதியில் உள்ள டாடா நினைவு மருத்துவமனைக்குப் பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் எனப் பல மாநிலங்களிலிருந்தும் நோயுற்ற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் வருகின்றனர். 2009-ஆம் ஆண்டளவில், அங்கு வந்த புற்றுநோய்க் குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் சிகிச்சையைத் தொடங்காமலோ, பாதியில் கைவிட்டோ ஊர் திரும்பினர். இவர்களில் பலருக்கு மருந்து இருந்தது. குணமாகும் வாய்ப்பும் இருந்தது. மாதக்கணக்கில் மும்பையில் தங்கிச் சாப்பிடப் பணம்தான் இல்லை.

அப்போது அந்தப் பிரிவின் பணியாளர்கள் ஒரு முடிவுக்கு வந்தனர். குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் பிரிஜேஷ் அரோரா, நிதி திரட்டும் பணியைக் கவனித்த ஷாலினி ஜாட்டியா உள்ளிட்டோரின் முயற்சியால் 'இம்பாக்ட்' என்ற அறக்கட்டளை உருவானது. மருந்துச் செலவு, தங்குமிடம், சத்துணவு, குழந்தைகளின் படிப்பு, பெற்றோருக்கு மன ஆறுதல் ஆகிய அனைத்துக்கும் நன்கொடை திரட்டப்பட்டது. சில ஆண்டுகளில் சிகிச்சையைக் கைவிடுவோரின் அளவு 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. புதிய மருந்து எதுவும் இதற்குக் காரணமன்று. மருத்துவமனைப் பணியாளர்கள் தங்கள் வேலையோடு நன்கொடை கேட்கும் வேலையையும் சேர்த்துச் செய்ததே காரணம்.

சென்னையும் சேர்ந்த வரலாறு

இந்த மரபு தமிழகத்துக்குப் புதியதல்ல. சட்டமன்ற மேலவையில் இடம்பெற்ற முதல் இந்தியப் பெண்மணியான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் திரட்டிய நிதியில்தான் 1954-இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மையம் எழுந்தது. மறு ஆண்டு அங்கு பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-இல் மறையும்வரை, சிகிச்சை அளிப்பதையும் ஏழை நோயாளிகளுக்காக உதவி கேட்பதையும் ஒரே பணியாகவே கருதினார்.

1984-இல் மும்பை டாடா மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ், சென்னை அடையாறு ஆகிய மூன்றும் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் டாக்டர் இயான் மக்ராத்துடன் கைகோத்தன. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு 'எம்.சி.பி. 841' என்ற ஒரே சிகிச்சை முறையை மூன்று இடங்களிலும் பின்பற்றி, முடிவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே நோக்கம். அதற்கு முன் நூற்றுக்கு 20 குழந்தைகள் அளவிலேயே பிழைத்துவந்தனர். இந்த முறை வந்தபின் ஏறத்தாழ பாதிப்பேர், சில மையங்களில் அதற்கும் மேற்பட்டோர் நோயின்றி வாழ்ந்தனர்.

இந்த மாற்றத்தைக் கொண்டுவந்ததும் ஏற்கெனவே கிடைத்துவந்த மருந்துகளே. எந்த மருந்தை, எந்த அளவில், எந்த வரிசையில் தருவது என்பதைக் கண்டறிந்ததுதான் உயிர்களைக் காத்தது. ஆய்வு என்பதன் பொருள் இதுவே. இந்தியக் குழந்தைகளின் உடல்நிலைக்கும், இங்குள்ள தொற்றுநோய் ஆபத்துக்கும் ஏற்ற சிகிச்சையை வெளிநாட்டு ஆய்வுகள் தேடித் தராது. 2016-இல் தொடங்கிய 'ஐசிகிள்' என்ற பல மைய ஆய்வு, ஸ்டீராய்டு மருந்து தரும் நாள்களைக் குறைத்தால் பக்கவிளைவுகள் குறையுமா என்பதை ஆராய்ந்தது. மும்பை, கொல்கத்தா, தில்லி, சண்டீகர் மருத்துவமனைகளுடன் அடையாறு மையமும் அதில் இணைந்தது.

முகம் இல்லாத செலவு

இங்குதான் நிதி திரட்டுவோர் தடுமாறுகின்றனர். படுக்கையில் கிடக்கும் ஒரு குழந்தையைப் பார்த்தால் கொடையாளரின் கை தானாகப் பைக்குள் செல்லும். ஆய்வுக்கு அப்படி ஒரு முகம் கிடையாது. அதன் பயனைப் பெறப்போகும் குழந்தை இன்னும் பிறக்காமலும் இருக்கலாம். புதிய கட்டடத்துக்குப் பணம் தருவோருக்கு வாசலில் கல்வெட்டு வைக்கலாம். நோயாளிகளின் விவரங்களைப் பத்தாண்டுகள் பொறுமையாகப் பதிவு செய்யும் ஊழியரின் சம்பளத்துக்கு எங்கே கல்வெட்டு வைப்பது?

சோற்றுக்கும் தங்குமிடத்துக்கும் திரட்டும் பணமும் ஒருவகையில் ஆய்வுக்கு உதவுகிறது. பாதியில் ஊர் திரும்பும் குழந்தை ஆய்வுக் கணக்கிலிருந்தும் மறைந்துவிடுகிறது. ஐந்தில் ஒருவர் மறைந்துபோனால், சிகிச்சை தோற்றதா, பணம் தீர்ந்ததா என்று எந்த ஆய்வாளராலும் சொல்ல இயலாது.

வரிச் சலுகை சுருங்கியது

அரசின் கொள்கை இப்பணியை எளிதாக்கவில்லை. அங்கீகாரம் பெற்ற அறிவியல் ஆய்வு நிறுவனத்துக்கு 100 ரூபாய் நன்கொடை தரும் தொழில் நிறுவனம், ஒரு காலத்தில் 175 ரூபாயைத் தன் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடிந்தது. 2016 பட்ஜெட் அறிவிப்பின்படி இச்சலுகை 2017-18 முதல் 150 ஆகவும், 2020-21 முதல் 100 ஆகவும் குறைக்கப்பட்டது. 2023-24 முதல் இயல்பு முறையாக்கப்பட்ட புதிய வருமான வரித் திட்டத்திலோ, மாதச் சம்பளக்காரர் அறநிறுவனத்துக்குத் தரும் நன்கொடைக்குக் கழிவு கிடையாது.

2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழங்குகிறது. ஆய்வு அதன் வரம்புக்குள் வராது. லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டிய பெரு நிறுவனங்களும், உடனே கண்ணுக்குத் தெரியும் பணிகளையே விரும்புகின்றன.

கேள்விக்குப் பதில் யார்?

நாடாளுமன்றத்தில் இப்பொருள் முழுமையாக எழாததற்கு நிர்வாகக் காரணம் ஒன்றும் உண்டு. டாடா நினைவு மையம் 1962 முதல் அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகிறது. அத்துறை பிரதமரின் பொறுப்பில் உள்ளது. எய்ம்ஸ் பற்றிய கேள்வி சுகாதார அமைச்சகத்துக்கும், வரிச் சலுகை பற்றிய கேள்வி நிதி அமைச்சகத்துக்கும், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி பற்றிய கேள்வி கம்பெனி விவகாரத் துறைக்கும் செல்கின்றன. நான்கு மேசைகளுக்குப் பிரிந்து செல்லும் கேள்விக்கு ஒரே பதில் கிடைப்பதில்லை.

எம்.பி.க்கள் முயன்றால் பலன் கிட்டும் என்பதற்குச் சான்று உண்டு. 2023-இல் நரம்புத் திசுப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட ஒரு பெண் குழந்தைக்கு வரவழைக்கப்பட்ட ஊசி மருந்து, ஏறத்தாழ 7 லட்சம் ரூபாய் ஜி.எஸ்.டி. கட்ட முடியாததால் மும்பை விமான நிலையத்தில் தேங்கியது. காங்கிரஸ் எம்.பி. சசி தரூர் கேட்டுக்கொண்டதும் நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் விலக்கு அளித்தார். அதே ஆண்டு ஜூலையில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், சொந்தப் பயன்பாட்டுக்கு இறக்குமதி செய்யப்படும் டைனுடுக்சிமாப் என்ற அம்மருந்துக்கு வரிவிலக்குப் பரிந்துரைத்தது. ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் இதில் மோதிக்கொள்ளவில்லை.

அமெரிக்க நாடாளுமன்றம் 2014-இல் மேலும் ஒரு படி சென்றது. அரசியல் கட்சிகளின் தேசிய மாநாடுகளுக்குக் கருவூலத்திலிருந்து தரப்பட்டுவந்த பணத்தை நிறுத்தி, பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 1.26 கோடி டாலரைக் குழந்தை நோய் ஆய்வுக்கு ஒதுக்க வழிசெய்யும் சட்டத்தை இரு பெரும் கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்றின. கட்சி நிதி பற்றி ஓயாது வாதிடும் நம் நாடாளுமன்றம் அப்படி ஒரு சட்டத்தை இயற்றியதில்லை.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். செல்வ நாடுகளில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். ஏழை நாடுகள் பலவற்றில் 30 விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. 2030-க்குள் உலக அளவில் குறைந்தது 60 விழுக்காட்டினர் பிழைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு.

பிரதமர் நிவாரண நிதிக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு எம்.பி.க்களின் வீட்டு வாசலில் நிற்கும் பெற்றோர், தலைநகரில் அன்றாடக் காட்சி. எம்.பி. எழுதும் கடிதம் ஒரு குழந்தைக்குப் பயன்படும். ஆய்வுக்கென நிலையான ஒதுக்கீட்டை அவையில் அவர் கேட்டுப் பெற்றால், அதே நோயுடன் இனி வரும் குழந்தைகள் அனைவருக்கும் பயன்படும். அதுவரை அந்தச் சுமை மருத்துவமனைப் பணியாளர்களின் தோளிலேயே இருக்கும்.