ஐம்பதில் பேர் வெட்டினால்…

கலஹாவில் இருந்து கண்டிக்கு வரும் காலை பஸ், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நடுவே வளைந்து வளைந்துதான் டவுனைத் தொடும். தெல்தோட்டை, லூல்கந்துர பக்கத்துத் தோட்டங்களில் இருந்து அந்த பஸ்ஸில் வரும் பெண்களில் சிலர் சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறவர்கள் அல்ல. மடியில் ஒரு பொலித்தீன் பை இருக்கும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பேங்க் புத்தகம், மங்கிப்போன பி அட்டை, தோட்டத்து ஆபீஸில் சீல் குத்தி வாங்கிய கே படிவம் எல்லாம் அதற்குள் அடங்கும். போகிற இடம் தொழில் அலுவலகம். வயது ஐம்பது ஆகியிருக்கும், அல்லது ஒன்றிரண்டு கூட. செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) இருந்து பேரை வெட்டிவிட்டு ஈ.பி.எப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக் காசு எடுக்க வந்திருக்கிறார்கள்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஆணுக்கு 55 வயதையும் பெண்ணுக்கு 50 வயதையும் குறித்தது. அந்த வயதில் வேலையை விட்டால் பணம் கையில். ஆணைவிட ஐந்து வருடம் முன்னதாகவே பெண்ணுக்குக் கதவு திறக்கிறது. கல்யாணத்தை முன்னிட்டு வேலையை விடும் பெண்ணுக்கு இன்னும் முன்னதாகவே திறக்கும். தோட்டத்துப் பெண்ணைப் பொறுத்தவரை இதைச் சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினெட்டு வயதில் பேர் பதிந்து, முப்பது வருடத்துக்கு மேல் செங்குத்து மலையில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கிய முழங்கால் ஐம்பதில் என்ன நிலையில் இருக்கும் என்பது மலையகத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். அந்த உரிமை இருக்கத்தான் வேண்டும். எப்போது, எதைத் தெரிந்துகொண்டு அதைப் பயன்படுத்துவது என்பதை யாரும் அவளுக்கு உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. என் கவலை அதுதான்.

பெரும்பாலும் பேரை வெட்டும் முடிவை எடுப்பது முழங்கால் அல்ல, வீடு. மகளின் கல்யாணம், மகனை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட் காசு, அடகுக் கடையில் மூழ்கப்போகும் சங்கிலி. "இப்பவே பேரை வெட்டினா எவ்வளவு வரும்?" என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது. "இன்னும் ரெண்டு வருசம் இருந்தா எவ்வளவு வரும்?" என்ற கேள்வி லயத்து வாசலில் கேட்பதே இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஈ.பி.எப்.புக்குத் தொழிலாளி 8 சதவீதம், தோட்டம் 12 சதவீதம். 2016இல் ஒப்பந்தச் சம்பளம் 730 ரூபா என்று பெரிதாகப் பேசப்பட்டாலும் அடிப்படைச் சம்பளம் 500தான். சேமலாப நிதிக்குக் கணக்கு அந்த 500க்கு மட்டும், ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 100 ரூபா. 2024இல் 1,350 ரூபா ஆன பிறகு அதே ஒரு நாள் பேருக்கு 108உம் 162உம் சேர்ந்து 270 ரூபா விழுந்தது. முப்பது வருட உழைப்பில் பெரும்பகுதி சில்லறையாகச் சேர்ந்தது. கடைசிச் சில வருடங்களில்தான் கணக்கு ஓரளவு கனக்கிறது.

சர்வீஸ் காசில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு நிறைவான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். எந்தச் சம்பளம்? கடைசியாக வாங்கிய சம்பளம். முப்பது வருடம் உழைத்தவள் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்தபோது பேரை வெட்டியிருந்தால் அவளுக்கு 4,20,000 ரூபா. 1,350 ஆன பிறகு வெட்டியிருந்தால் 5,67,000. அதே முப்பது வருடம், அதே கை. சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கிற காலத்தில் அவசரப்பட்டுப் போகாதே என்று ஒரு கங்காணியோ தொழிற்சங்கத் தலைவரோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபா கூடுதலாக அந்த வீட்டுக்கு வந்திருக்கும். இந்தக் காசை வேலையை விட்ட 30 நாட்களுக்குள் தோட்டம் கட்டியாக வேண்டும் என்பதும் சட்டம். பிந்தினால் மேலதிகத் தொகையோடு.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியது. அன்று 52 தாண்டியிருந்தவர்களுக்கு மட்டும் படிப்படியாகக் குறைந்த வயது. ஆகவே "வயசாகிவிட்டது, பேரை வெட்டு" என்று ஐம்பதில் யாரும் அவளை நெருக்க முடியாது. ஐம்பதில் போவது அவள் உரிமை. அறுபது வரை இருப்பதும் அவள் உரிமை.

வேலையை விடாமலே ஒரு பங்கை எடுக்க முடியாதா என்று கேட்பவர்களுக்காக 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. பத்து வருடச் சேவையும் கணக்கில் மூன்று லட்சம் ரூபாவும் இருந்தால், வீட்டுக்கோ குறிப்பிட்ட சில பெரிய வைத்தியங்களுக்கோ 30 சதவீதம் எடுக்கலாம், உச்சம் 20 லட்சம். நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டுக்காக எடுக்க வேண்டுமானால் காணியின் உறுதிப் பத்திரம் காட்ட வேண்டும். லயத்துக் காம்பராவுக்கு ஏது உறுதி? ஐந்து தலைமுறையாக அதே கூரையின் கீழ் இருந்தாலும் காணி தோட்டத்தினுடையது. கண்டி டவுனில் கடையில் வேலை செய்யும் பெண்ணுக்குத் திறக்கும் அதே கதவு, அவளுக்குப் பத்து மைல் மேலே இருக்கிற தோட்டத்துப் பெண்ணுக்கு மூடிக் கிடக்கிறது. கூரைக்குத் தகரம் மாற்றக்கூட அவள் பேரை வெட்டித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

பிறகு பெயர். செக்ரோலில் மாரியாய், பிறப்புப் பதிவில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா. ஆங்கிலத்தில் ஒரு கிளார்க்கர், சிங்களத்தில் ஒரு பதிவாளர், தமிழில் ஒரு கிராம சேவகர் என்று ஒரே மனுஷியை மூன்று பேராக்கி வைத்திருக்கிறார்கள். இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பிரித்தது. எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை முழுமையாகக் கிடைக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்திரம் பார்த்துப் பெயர் எழுதும் பழக்கமே தாமதமாக வந்த இடத்தில் பெயர்கள் ஒட்டாமல் போனதில் வியப்பில்லை. ஆனால் அந்த ஓர் எழுத்துக்காக அவள் தோட்டத்து ஆபீஸுக்கும் கச்சேரிக்கும் தொழில் அலுவலகத்துக்கும் இடையே அலைய வேண்டும். ஒவ்வொரு அலைச்சலும் பஸ் காசு, இழந்த நாட்பேர், இரவல் வாங்கிய குடை. பேர் வெட்டிய பிறகு இந்தத் திருத்தத்தைத் தொடங்குகிறவள் சம்பளமும் இல்லாமல் காசும் வராமல் மாதக்கணக்கில் நடுவில் தொங்குகிறாள். நாற்பத்தைந்து வயதிலேயே பி அட்டையையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால், வீட்டில் ஓ.எல். படிக்கிற பிள்ளை வாசிக்கட்டும்.

கணக்கில் காசு விழுந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். ஜனவசம என்று நம் சனங்கள் சொல்கிற மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பிளான்டேஷன் மூன்றும் அரசாங்கத்தினுடையவை. கண்டி, மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்கள் பல இவற்றின் கீழ்தான். இங்கே சேமலாப நிதியும் சர்வீஸ் காசும் நிலுவையில் கிடப்பது பாராளுமன்றத்தில் பலமுறை பேசப்பட்ட விஷயம். பிந்திக் கட்டும் முதலாளிக்கு 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. முதலாளியே அரசாங்கமாக இருக்கும்போது தொழிலாளி யாரிடம் போய் நிற்பாள்? இது எனக்கு ஆறாத கோபம்.

பேப்பர் எல்லாம் சரி, காசும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அரசாங்க உத்தியோகத்தருக்கு மாதாமாதம் பென்ஷன், அவருக்குப் பிறகு துணைக்கும் ஒரு பங்கு. தோட்டத்துப் பெண்ணுக்கு ஒரே முறை, மொத்தமாக. கல்யாணத்தோடும் கடனோடும் அது போய்விடும். முதியோர் கொடுப்பனவு 70 வயதில்தான். ஐம்பதில் பேர் வெட்டியவளுக்கு நடுவில் இருபது வருடம் இருக்கிறது. எடுக்கும் தொகையில் ஒரு பகுதியை, அவள் விரும்பினால், மாதப் பணமாக மாற்றித் தரும் ஏற்பாடு வேண்டும். மத்திய வங்கி பாதுகாக்கும் நாட்டின் மிகப் பெரிய ஓய்வுகால நிதிக்கு அது முடியாத காரியம் என்று நான் நம்பவில்லை.

அது வராதவரை என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க விடியற்காலையில் மலைக்குப் போனால் போதும். போன மாதம் பேர் வெட்டியவள் இந்த மாதம் கைக்காசுக்கு வந்து நிற்கிறாள். அதே நிரை, அதே கூடை. மாலையில் கொழுந்து நிறுக்கும்போது கிலோவுக்கு இவ்வளவு என்று காசு. செக்ரோலில் பெயர் இல்லை, சேமலாப நிதிக்குப் போகிற காசும் இல்லை.