பக்கத்து வீட்டுப் பண்டிகைத் தட்டு: மறுப்பதற்கும் ஒரு முறை உண்டு



ராயபுரத்தில் சுவர் ஒட்டிய குடித்தனம் ஒன்றில் வசிக்கும் ஒரு சகோதரி, விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், பக்கத்து வீட்டுப் பிள்ளை கொழுக்கட்டை கொண்டுவந்து கொடுத்துச்சு. சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டேன். சாமிக்குப் படைச்சதுங்கிறதால குப்பைத் தொட்டியில போட்டுட்டேன். எனக்குக் குற்றம் உண்டா?"

சாப்பிடாததில் குற்றமில்லை என்றேன். அப்புறம்தான் மீதியைச் சொன்னார். தட்டைத் திரும்ப வாங்க வந்த அந்தப் பிள்ளை, தொட்டியில் கிடந்ததைப் பார்த்துவிட்டதாம். அன்றிலிருந்து அந்த வீட்டு அம்மா இவரை 'பாயம்மா' என்று கூப்பிடுவதில்லையாம்.

மார்க்கத்தைப் பேண நினைத்த இடத்தில் அண்டை வீட்டாரின் மனம் உடைந்துவிட்டது. இரண்டையும் ஒருசேரக் காக்க முடியும். அதற்கு நபிவழியிலேயே முன்மாதிரி இருக்கிறது.

உறவு வேறு, வழிபாடு வேறு

மார்க்க விஷயத்தில் நம்மோடு போரிடாத, நம் வீடுகளைவிட்டு நம்மை வெளியேற்றாத மக்களுக்கு நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை (திருக்குர்ஆன் 60:8). குறைஷிகளோடு உடன்படிக்கை இருந்த காலத்தில், இணைவைப்பில் இருந்த தாயார் தம்மைக் காண வந்தபோது, உறவைப் பேணலாமா என்று அஸ்மா (ரலி) கேட்டார்கள். பேணும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். உமர் (ரலி) தமக்குக் கிடைத்த பட்டாடையை, மக்காவில் இணைவைப்பில் இருந்த தம் சகோதரருக்கு அனுப்பினார்கள். இவ்விரண்டும் புகாரியில் உள்ளன. எனவே பிறமதச் சகோதரர்களிடம் அன்பளிப்பு வாங்குவதும் கொடுப்பதும் நமக்குப் புதிதல்ல. வழிபாட்டில் பங்கெடுப்பது மட்டுமே நமக்கு இல்லை.

எதைச் சாப்பிடலாம்?

அல்லாஹ் அல்லாதவர்களுக்காக அறுக்கப்பட்ட இறைச்சி ஹராம் (2:173). பூஜையில் படைத்த மற்ற உணவையும் தவிர்க்கவே உலமாக்கள் பலரும் சொல்கிறார்கள். ஆடி மாதத்தில் அம்மனுக்குப் படைத்து ஊற்றும் கூழும் இதில் சேரும்.

ஆனால் பண்டிகை நாளில் வந்துவிட்டது என்பதால் எல்லாமே படையல் ஆகிவிடாது. தீபாவளிக்குக் கடையில் வாங்கிய ஸ்வீட் பாக்ஸ், வீட்டில் சுட்ட முறுக்கு, பழம், துணிமணி ஆகியவற்றை வாங்கிக்கொள்ளலாம். மஜூஸிகளின் பண்டிகை அன்பளிப்பு பற்றிக் கேட்கப்பட்டபோது, அந்த நாளுக்காக அறுத்ததை உண்ண வேண்டாம், பழங்களை உண்ணலாம் என்ற கருத்தில் ஆயிஷா (ரலி) பதில் சொன்னதாக முஸன்னஃப் இப்னு அபீ ஷைபாவில் பதிவாகியுள்ளது. சந்தேகமாக இருந்தால், "அக்கா, இது படைச்சதா?" என்று கேட்டுவிடுவதே நல்லது. நமக்கென்று படைக்காமல் தனியே எடுத்துவைக்கும் அண்டை வீட்டார் வடசென்னையில் உண்டு.

முகத்தைப் பார்த்து மறுக்க வேண்டும்

ஸஅப் இப்னு ஜஸ்ஸாமா (ரலி) ஒருமுறை காட்டுக் கழுதை ஒன்றை நபி (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். இஹ்ராமில் இருந்ததால் நபியவர்கள் அதை ஏற்கவில்லை. கொண்டுவந்தவரின் முகம் வாடியதைக் கண்டதும், தாங்கள் இஹ்ராமில் இருப்பதுதான் காரணம், வேறொன்றும் இல்லை என்று விளக்கினார்கள் (புகாரி). வாங்க முடியாதபோது, கொடுத்தவரின் முகம் பார்த்துக் காரணத்தைச் சொல்வதே சுன்னத்.

நம் வாசலிலும் இப்படிச் சொல்லலாம்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சாமிக்குப் படைச்சதை எங்க மார்க்கத்துல சாப்பிடக்கூடாது. படைக்காதது இருந்தா குடுங்க, பிள்ளைங்க ஆசையா சாப்பிடும்." அவர்களின் உணவையோ தெய்வத்தையோ ஏளனமாகப் பேசுவது கூடாது. எந்த உணவையும் நபி (ஸல்) அவர்கள் குறை சொன்னதில்லை. பிறர் வணங்குபவற்றை ஏசுவதைத் திருக்குர்ஆன் (6:108) தடுக்கிறது.

ஆயுத பூஜைக்கும் இதே முறைதான். லேத் பட்டறையிலோ லாரி ஷெட்டிலோ வேலை செய்யும் நம் பிள்ளைகள் மிஷினைக் கழுவித் துடைக்கலாம், அது வேலை. பூஜை நேரத்தில் ஒதுங்கிக்கொள்வதாக முதலாளியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தீபாராதனைத் தட்டு முன்னால் வந்த பிறகு முகத்தைத் திருப்பினால்தான் அவமதிப்பாகத் தெரியும். போனஸும் புதுத்துணியும் வாங்கத் தடையில்லை.

வெறும் பாத்திரம் திரும்ப வேண்டாம்

நபி (ஸல்) அவர்கள் அன்பளிப்பை ஏற்று, பதிலுக்கும் கொடுப்பவர்களாக இருந்தார்கள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காத பழக்கம் நம் வீடுகளிலும் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். பண்டிகைக்குப் பழமோ இனிப்போ கொடுக்கலாம். பூஜைப் பொருட்கள் வேண்டாம்.

நம் பெருநாளில் கொடுக்கும்போது அவர்களின் நிலையையும் கேட்டறிய வேண்டும். புரட்டாசி விரதம், ஐயப்பனுக்கு மாலை போட்ட நாட்கள், வெள்ளி, செவ்வாய் என்று கறி சேர்க்காத வீடுகள் உண்டு. அங்கே பிரியாணியையோ கறி போட்ட நோன்புக் கஞ்சியையோ கொடுத்துவிட்டு, அவர்கள் தயங்கினால் வருத்தப்படுவது நியாயமல்ல. சேமியா பாயசம் கொடுங்கள். நம் ஹலாலை அவர்கள் மதிக்க வேண்டும் என்று விரும்பும் நாம், அவர்களின் விரதத்தை மதிக்க வேண்டாமா?

அந்தச் சகோதரியிடம், அந்தப் பிள்ளையைப் பார்த்து மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். "மன்னிப்புக் கேட்டா மார்க்கத்தை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகாதா ஹஜ்ரத்?" என்றார். ஆகாது. சாப்பிடாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. உண்மையைச் சொல்லாமல் சிரித்து வாங்கி, குப்பையில் போட்டதற்குத்தான் கேட்க வேண்டும்.

ஈமானையும் அண்டை வீட்டாரின் உரிமையையும் ஒருசேரப் பேணி வாழ அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.