மடிக்கணினி இல்லாப் பயணத்தில் ஒளிப்படக் காப்பு

பயணத்தில் எடுக்கும் எண்ணிம ஒளிப்படங்களை மடிக்கணினியின் துணையின்றி அன்றன்றே வேறொரு சாதனத்தில் நகலெடுத்து வைப்பது பயண ஒளிப்படக் காப்பு ஆகும். நினைவக அட்டை பழுதானாலோ கேமராப் பை களவு போனாலோ அதுவரை எடுத்த படங்கள் அனைத்தும் போய்விடும். கேமராவுக்குக் காப்பீடு உண்டு; படங்களுக்கு இல்லை.

2000களின் நடுப்பகுதியில் இதற்கெனத் தனிச் சாதனங்கள் விற்கப்பட்டன. 2004இல் அறிமுகமான எப்சன் பி-2000, 40 கிகாபைட் வன்தட்டும் சிறு திரையும் அட்டைச் செருகுவாயும் கொண்டிருந்தது. திறன்பேசிகள் பரவியபின் இவை அருகிவிட்டன.

திறன்பேசி வழியாக

பெரும்பாலான ஆண்டிராய்டு பேசிகளில் ஓடிஜி வசதி உள்ளது. ஐபோன்களில் 2019இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் ஃபைல்ஸ் செயலி வழியாக வெளி வட்டுகளைத் திறக்கலாம். 2023இன் ஐபோன் 15 முதல் சி-வகைத் துளையும் உண்டு. ஒரு சிறிய யூஎஸ்பி ஹப்பில் கார்டு ரீடரையும் எஸ்எஸ்டி வட்டையும் செருகி, அட்டையிலுள்ள டிசிஐஎம் கோப்புறையை அப்படியே வட்டுக்கு நகலெடுக்கலாம். பேசியின் நினைவகம் நிரம்பாது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகங்கள் இல்லாததால் பேருந்துக் குலுக்கலையும் தாங்கும்.

ஒவ்வொரு நாளுக்கும் தேதியிட்ட தனிக் கோப்புறை தேவை. பல கேமராக்களில் கோப்பு எண் 9999ஐத் தாண்டியதும் 0001க்குத் திரும்பும். ஒரே கோப்புறையில் கொட்டினால் புதிய படம் பழையதன் மேல் பதிந்துவிடக்கூடும். வட்டை எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைப்பது நல்லது. ஃபேட்32 முறையில் 4 கிகாபைட்டை எட்டும் காணொளிக் கோப்பு ஏறாது. என்டிஎஃப்எஸ் வட்டை ஐபோன் படிக்குமேயன்றி அதில் எழுதாது. சில பேசிகளால் வட்டுக்குப் போதிய மின்சாரம் தர முடியாது. இதையெல்லாம் விடுதி அறையில் அல்ல, புறப்படும் முன் வீட்டிலேயே சோதித்துவிட வேண்டும்.

நகல் முடிந்ததும் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒன்றா எனப் பார்த்து, சில படங்களைப் பெரிதாக்கித் திறந்து பார்க்க வேண்டும். அதற்குமுன் அட்டையை அழிப்பது வினையை விலைக்கு வாங்குவதுதான்.

மேகச் சேமிப்பு

ஒரு ரா கோப்பு 25 மெகாபைட் எனக் கொண்டால் 500 படங்கள் 12.5 கிகாபைட். நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் அவற்றைப் பதிவேற்ற ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கூகுள் போட்டோஸ் வரம்பற்ற இலவசச் சேமிப்பை 2021 ஜூன் 1 முதல் நிறுத்திவிட்டது. ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்து 15 கிகாபைட்தான் இலவசம். ஆகவே அன்றைய சிறந்த இருபது, முப்பது படங்களை மட்டும் இரவில் ஏற்றுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். வாட்சப்பில் வழக்கமான முறையில் வீட்டுக்கு அனுப்புவதைக் காப்பாகக் கொள்ளக் கூடாது. அது படத்தைச் சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே போகும்.

எங்கே வைப்பது

மூன்று நகல்கள், இரு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்னும் 3-2-1 விதியை ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரவலாக்கினார். பயணத்தில் 'வேறிடம்' என்பது வேறு பையாகவாவது இருக்க வேண்டும். அட்டையும் வட்டும் கேமராப் பையிலேயே இருந்தால் திருடனுக்கு இரண்டும் ஒருசேரக் கிடைக்கும். வசதியிருந்தால் போதிய அட்டைகளை வாங்கி, ஊர் திரும்பும்வரை எதையும் அழிக்காமலிருக்கலாம்.

தவறுதலாக அழித்துவிட்டால் அந்த அட்டையில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காமல் தனியே வைக்க வேண்டும். புதிய படங்கள் மேலே பதியாதவரை, மீட்பு மென்பொருள்களால் பெரும்பாலும் பழையவற்றை எடுக்க முடியும்.