தேத்தண்ணீரில் மாத்திரை

"மாத்திரையைத் தேத்தண்ணீரில் கலந்து கொடுக்கலாமா?" தலவாக்கலையில் மனநலத் தாதியான என்னிடம் வீட்டார் அடிக்கடி கேட்பது இதுதான்.

உயிருக்கு ஆபத்தான வேளையில் நோயாளி மறுத்தாலும் மருந்து கொடுக்க நேரலாம். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இத்தகைய அவசர சிகிச்சைக்குப் பொதுவாக 72 மணித்தியால எல்லை வைத்துள்ளது. நமது மனநோய்கள் கட்டளைச் சட்டமோ 1873இல் பிறந்தது. நோயாளியைத் தடுத்து வைப்பதையே பெரிதும் பேசுகிறது. ஆகவே, தாதியின் மனச்சாட்சிக்குப் பொறுப்பு அதிகம்.

ஆபத்து இல்லாதபோது, "ஏன் வேண்டாம்?" என்று முதலில் கேட்போம். சில மருந்துகளால் கை நடுங்கும். கொழுந்து பறிப்பவருக்குக் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். வைத்தியரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், மருந்தையும் மாற்றலாம். களவாகக் கலந்தது தெரிந்தாலோ, நோயாளி வீட்டுச் சோற்றையும் நம்பமாட்டார். அந்த நம்பிக்கை நம்மிடமுள்ள அமானிதம்.